பன்னிரண்டு வால்வு கம்மின்ஸ்: பழைய டாட்ஜ் ராம் 2500-இல் எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

1994-ஆம் ஆண்டு மாடலிலிருந்து 1998-இன் நடுப்பகுதி வரை விற்கப்பட்ட டாட்ஜ் ராம் 2500 டீசல் பிக்கப்பை இன்றைக்கும் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள், அதன் பானெட்டுக்குக் கீழே இருக்கும் 5.9 லிட்டர், பன்னிரண்டு வால்வு கம்மின்ஸ் என்ஜினுக்காகவே பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் வீண்போகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வாங்கிய பிறகு ஆகும் செலவில் என்ஜினின் பங்கு மிகக் குறைவு. ஸ்டியரிங், பிரேக், வயரிங், டீசல் குழாய், கியர் பாக்ஸ் என்று என்ஜினைச் சுற்றி இருப்பவைதான் பணத்தை வாங்கிக்கொள்கின்றன. டெக்சாஸில் டிராக்டரும் வைக்கோல் கட்டும் ஏற்றிய டிரெய்லரை இழுப்பதற்காக 1997 மாடல் ஒன்றை வைத்திருக்கிறேன். ஐந்து கியர், நான்கு சக்கர இயக்கம். அதில் நானே கழற்றி மாட்டிய பாகங்களையும், இந்த வரிசை வண்டிகளை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்த குறைகளையும் வைத்து, எந்தச் செலவு தகும், எது தகாது என்று இங்கே மதிப்பிட்டிருக்கிறேன்.

முதலில் என்ஜின். ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்கும் இந்த என்ஜினில் டைமிங் பெல்ட்டோ செயினோ கிடையாது. கேம் ஷாஃப்ட்டும் டீசல் பம்பும் பல்சக்கரங்களாலேயே சுழல்கின்றன. டீசலை அளந்து அனுப்புவது பாஷ் நிறுவனத்தின் பி7100 இன்லைன் பம்ப். அதற்குக் கணினி வேண்டாம், சென்சார் வேண்டாம். என்ஜினை நிறுத்துவதற்கான சொலினாய்டு என்னும் மின்காந்தக் கருவி ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் வந்தால் போதும். சிலிண்டருக்குள் சூடேற்றும் குளோ பிளக் இல்லை. குளிரில் உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் தகடுகள் இருக்கின்றன. 1996 முதல் 1998 வரையிலான மாடல்களில் கைக் கியர் வண்டிக்கு 215 குதிரைத்திறனும் 440 பவுண்டு-அடி முறுக்குவிசையும், ஆட்டோமேட்டிக் வண்டிக்கு 180 குதிரைத்திறனும் 420 பவுண்டு-அடியும் நிறுவனம் கொடுத்த அளவுகள். 2021-இல் ராம் பிக்கப்பிலேயே 1,075 பவுண்டு-அடி கம்மின்ஸ் வந்துவிட்டது என்பதை நினைத்தால், பழைய வண்டியின் எண்கள் இன்றைய கண்ணுக்குச் சிறியவையாகத்தான் தெரியும். ஆனாலும் பழையது விலை போகிறது. கலிஃபோர்னியாவில் 1997 மாடலுக்கும் அதற்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கும் புகைச் சோதனை கிடையாது என்பது அதற்கு ஒரு காரணம். சாலையோரத்தில் நின்றுவிட்டால் ஸ்பேனர் செட்டை வைத்தே பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது இன்னொரு காரணம், என் கணக்கில் அதுவே பெரியது.

1998-இன் நடுவில் வந்த இருபத்து நான்கு வால்வு என்ஜினைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இருப்பது விபி44 என்னும் மின்னணு பம்ப். டேங்கிலிருந்து டீசலை இழுத்து அதற்கு அனுப்பும் ஃபீட் பம்ப் சோர்ந்துபோனால் பின்னால் இருக்கும் விலையுயர்ந்த பம்பும் கெடும் என்பது ஊரறிந்த செய்தி. ஓட்டுவதற்கு அது மென்மையானது, சத்தமும் குறைவு. ஆனாலும் நீண்ட காலம் வைத்துக்கொள்ளும் எண்ணத்தில் வாங்குவதானால் பன்னிரண்டு வால்வையே நான் எடுப்பேன்.

தமிழ்நாட்டில் லாரிகளோடு பழகியவர்களுக்கு இந்த என்ஜின் அந்நியமானதல்ல. டாடாவும் கம்மின்ஸும் கூட்டாக ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து இதே 5.9 லிட்டர் பி வரிசை என்ஜின் டாடா லாரிகளுக்கு வந்தது. வால்வு இடைவெளியைச் சரிபார்க்கும் டேப்பெட் செட்டிங் செய்வதற்காக மேல் மூடியைத் திறக்கும்போது ஒரே நீள மூடிக்குப் பதிலாகச் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு சிறிய மூடிகள் வரிசையாக நிற்பதையும், ஒவ்வொன்றையும் ஒரே போல்ட் பிடித்திருப்பதையும் அங்கே பார்த்த ஒருவர், இங்கே ராம் பிக்கப்பின் பானெட்டைத் தூக்கியவுடன் அடையாளம் கண்டுகொள்வார். என்ஜின் ஆறியிருக்கும்போது இன்டேக் வால்வுக்கு 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.020 அங்குலம் என்று ஃபீலர் கேஜை வைத்துத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு ஒரு புதிய கருவியும் வாங்க வேண்டியதில்லை. பழைய வண்டியை வாங்கியவுடன் செய்யக்கூடிய வேலைகளில் மிகக் குறைந்த செலவில் முடிவது இதுதான். முந்தைய உரிமையாளர் என்ஜினை எப்படி வைத்திருந்தார் என்பதும் அந்த ஆறு மூடிகளின் உட்புறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

என்ஜினின் புகழுக்கு நடுவே மறைந்திருக்கும் ஒரே பெரிய ஆபத்து, அமெரிக்காவில் "கில்லர் டவல் பின்" என்று அழைக்கப்படும் சிறு எஃகு ஊசி. முன்பக்கத்தில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் கேஸை என்ஜின் பிளாக்கோடு சரியாகப் பொருத்துவதற்காகத் தொழிற்சாலையில் அடித்துவைத்த ஊசி அது. பொருத்தி முடித்த பிறகு அதற்கு வேறு வேலையே இல்லை. ஆண்டுக்கணக்கான அதிர்வில் அது மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, ஒரு நாள் சுழலும் பல்சக்கரங்களின் மேல் விழுந்துவிடலாம். விழுந்தால் கேஸ் உடையும்; அதிர்ஷ்டம் இல்லையென்றால் பல்சக்கரமும் கேம் ஷாஃப்ட்டும் சேர்ந்து போகும். எல்லா வண்டிகளிலும் இது நடப்பதில்லை. ஆனால் எந்த வண்டியில் நடக்கும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை.

இதற்காகவே விற்கப்படும் கிட் ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் நகத்தளவுக்குக் கொஞ்சம் பெரிய எஃகுத் தகடு, ஒரு போல்ட், முன் கேஸ்கட், கிராங்க் ஷாஃப்டின் முன் ஆயில் சீல், சீலை ஏற்றுவதற்கான பிளாஸ்டிக் வளையம் ஆகியவை அதில் வருகின்றன. ஃபேனையும் அதன் மறைப்பையும் பெல்ட்டையும் கழற்றி, கிராங்கின் முன்னால் அதிர்வைத் தணிக்க உள்ள டாம்பரை எடுத்து, மூடியைச் சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றினால் பல்சக்கரங்கள் கண்ணுக்கு முன்னால் நிற்கும். ஊசியின் வாயைத் துணியால் துடைத்துவிட்டு விளக்கடித்துப் பார்த்தால், அது கேஸின் முகத்தோடு சமமாக இருக்கிறதா, வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று தெரியும். எட்டிப் பார்த்தால் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டி உள்ளே அனுப்ப வேண்டும். பிறகு பக்கத்தில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி, அதற்கடியில் அந்தத் தகட்டை வைத்து, போல்ட்டின் புரியில் அது தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசையைத் தடவி முறுக்கினால் ஊசியின் வாய் மூடிவிடும். இனி அது எங்கும் போக முடியாது.

கிட்டின் தரத்தைத் தீர்மானிப்பது தகடு அல்ல, சீல். தகடு யார் செய்தாலும் தகடுதான். சீல் மட்டமாக இருந்தால் கொஞ்ச நாளில் முன்பக்கம் ஆயில் கசியத் தொடங்கும், மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். அதனால் கம்மின்ஸ் சீல் வைத்து வரும் கிட்டையே வாங்குங்கள். சில டாலர் அதிகம் போனாலும் பரவாயில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பொதுவாக ஆயில் சீலின் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவித்தான் ஏற்றுவோம். இந்தச் சீலை அப்படிச் செய்யக்கூடாது. கிராங்கின் முனையும் சீலின் உதடும் துளிகூட ஆயில் இல்லாமல் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். நம் ஊரில் தொழில் கற்றுக்கொண்ட கைக்கு இது ஒப்பாது. ஆனாலும் கிட்டில் வரும் குறிப்பை அப்படியே பின்பற்றுவது நல்லது. விடுமுறை நாள் ஒன்றில் முடித்துவிடக்கூடிய வேலை இது. இந்தப் பட்டியலில் தள்ளிப்போடக் கூடாத ஒரே வேலையும் இதுதான் என்பேன்.

அடுத்தது ஸ்டார்ட்டர். சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்து என்ஜின் சுழலாமல் நிற்பதும், மறுபடி திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புவதும் இந்த வண்டிகளில் மிகச் சாதாரணம். கடையில் போய்ச் சொன்னால் முழு செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்வார்கள். மறு உற்பத்தி செய்த மோட்டாரின் விலை நூறு டாலருக்கு மேல் போகும். நிப்பான்டென்சோ மோட்டாருக்குள் தேய்ந்திருப்பது பெரும்பாலும் இரண்டு செப்புத் துண்டுகளும், அவற்றை இணைக்கும் பிளஞ்சர் வட்டும் மட்டும்தான். வண்டியில் பேட்டரி இரண்டு என்பதால், முதலில் இரண்டின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிட வேண்டும். மோட்டாரைக் கீழே இறக்கி, சொலினாய்டின் வட்ட மூடியைத் திறந்து பார்த்தால், பேட்டரி வயர் வரும் பக்கத்துச் செப்புத் துண்டு மற்றதைவிட அதிகமாக அரித்து, குழி விழுந்து, ஓரம் கருகியிருக்கும். புதிய துண்டுகளும் பிளஞ்சரும் சேர்த்து இருபது முப்பது டாலருக்குள் கிடைக்கின்றன. துண்டுகள் இரண்டும் ஒரே உயரத்தில் சமமாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று முறுக்குவதற்கு முன் பார்க்க வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தால் வட்டு அதில் சரியாகப் படாது, பழைய கதையே தொடரும். வாங்கிய பொருளின் விலைக்கும் கிடைத்த பலனுக்கும் உள்ள விகிதத்தில் இந்த வண்டியில் இதை மிஞ்சியது எதுவும் இல்லை. மலிவான மறு உற்பத்தி மோட்டாரைவிட, பழைய அசல் மோட்டாரில் புதிய செப்புத் துண்டு போட்டதே நீண்ட காலம் உழைக்கும்.

டீசல் வரும் பாதையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வண்டி இழுக்கவில்லை, காலையில் நேரம் எடுத்துக் கிளம்புகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன. ஆனால் பலர் நேராகப் பம்பையோ நாசிலையோ சந்தேகிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியவை என்ஜினின் பின்பக்கம் இரும்புக் குழாய்களை இணைக்கும் ரப்பர் குழாய்கள். இவை கைக்கு எளிதில் எட்டாத இடத்தில் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. வெளியே டீசல் சொட்டாமலேயே ரப்பரின் விரிசல் வழியாகக் காற்று உள்ளே போகும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஏர் பிடித்துக் கிடக்கும். அமெரிக்காவில் 2006-இல் கந்தகம் குறைந்த டீசல் வந்த பிறகு பழைய ரப்பர்களும் ஓ-ரிங்குகளும் சுருங்குவது அதிகமாயிற்று என்று பழைய டீசல் வண்டிக்காரர்கள் பரவலாகச் சொல்வார்கள். இப்போதைய டீசலுக்கு ஏற்ற குழாய்களை நீளம் அளந்து, கிளாம்ப்போடு சேர்த்துத் தரும் செட்டுகள் கிடைக்கின்றன. கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும் சாதாரண ஃபியூயல் ஹோஸை வெட்டி மாட்டுவது சேமிப்பல்ல. மறுபடியும் அதே இடத்தில் கையை நுழைக்கும் வேதனையைத் தானாக விலைக்கு வாங்குவது.

இரண்டாவதாக, ஃபீட் பம்புக்கு முன்னால் ஹீட்டரோடு சேர்ந்த ஒரு முன் வடிகட்டி இருக்கிறது. மேலே கண்ணுக்குத் தெரியும் பெரிய ஃபில்டரை ஒழுங்காக மாற்றி வந்தவர்களில் பலருக்கு இப்படியொரு சல்லடை இருப்பதே தெரியாது. அதைத் திறந்து கழுவுவதற்கு ஆகும் செலவு ஓர் ஓ-ரிங் மட்டுமே. மூன்றாவது, டீசல் பம்பிலிருந்து மீதி டீசல் திரும்பும் இடத்தில் உள்ள ஓவர்ஃப்ளோ வால்வு. இது உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு குண்டும் கொண்ட சாதாரண போல்ட்தான். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் பம்புக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் நிற்காமல் டீசல் டேங்குக்கே ஓடிவிடும். என்ஜின் வேகம் 2,500 சுற்றில் இருக்கும்போது 25 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் இருந்தால் நல்லது. வெகுவாகக் குறைந்தால் முதலில் வால்வை மாற்றிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே ஃபீட் பம்பைத் தொட வேண்டும். அசல் பாஷ் வால்வே போதுமானது. திருகித் திருகி அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் வகையும் சந்தையில் இருக்கிறது. அளவு பார்க்கும் கேஜ் கையில் இல்லாதவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

நிறுத்தும் சொலினாய்டைப் பற்றி முன்பே சொன்னேன். அது சாவியைப் போட்டவுடன் பம்பின் கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. சாவியை அணைத்தால் விட்டுவிடுகிறது. அது கெட்டால் என்ஜின் சுழலும், கிளம்பாது. அப்போது பானெட்டைத் திறந்து கையால் அந்தக் கைப்பிடியைத் தூக்கிவிட்டால் வண்டி கிளம்பிவிடும். வீடு வந்து சேரலாம். புதிய சொலினாய்டு மாட்டுவதைவிட, கையால் இழுக்கும் கேபிளைப் போட்டுவிடுவதே மேல் என்று ஒரு கட்சி இருக்கிறது. பழைய லாரிகளில் என்ஜினை நிறுத்த டிரைவர் ஒரு குமிழை இழுப்பாரே, அதே ஏற்பாடுதான். நான் கேபிள் கட்சி. சொலினாய்டின் வயரிங்கும் ரிலேயும் வயதானவை. கேபிளுக்கு இவை எதுவும் தேவையில்லை. வீட்டில் வேறொருவரும் வண்டியை எடுப்பார் என்றால் மட்டும் சொலினாய்டே இருக்கட்டும், ஏனென்றால் சாவியை எடுத்துவிட்டு இறங்கியவருக்குப் பின்னால் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆயில் கசிவு இந்த வண்டியோடு பிறந்தது. எல்லாக் கசிவையும் நிறுத்த நினைத்தால் பையும் பொறுமையும் காலியாகிவிடும். ஸ்டியரிங் பம்பும் வேக்யூம் பம்பும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடத்தில் கசிந்தால் சீல் கிட் வாங்கி மாற்றலாம். விலை அற்பம், ஆனால் பின்னால் ஒளிந்திருக்கும் நட்டைக் கழற்றும்போது விரல்களுக்குச் சோதனை. டீசல் பம்புக்குப் பின்னால் இருக்கும் டேப்பெட் கவர் கேஸ்கட்டில் சிறிதளவு ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள்.

ஸ்டியரிங்கில்தான் இந்த வண்டியின் உண்மையான பலவீனம் இருக்கிறது. நான்கு சக்கர இயக்க மாடல்களில், குறிப்பிட்ட வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தவுடன் முன் சக்கரங்கள் இரண்டும் பேயாட்டம் ஆடத் தொடங்கி, வேகத்தைக் குறைத்தால்தான் அடங்குகின்றன என்பது பலர் அறிந்த குறை. கனமான என்ஜின் முன் ஆக்ஸிலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ள இருப்பதோ டிராக் பார் என்னும் ஒரே ஒரு தண்டு. அதன் சேஸிஸ் பக்க முனையில் இருப்பது சிறு பந்து மூட்டு. அந்த மூட்டில் கொஞ்சம் ஆட்டம் விழுந்தாலே ஸ்டியரிங் முழுவதும் தளர்ந்துபோனதுபோல் ஆகிவிடும். சோதிப்பது எளிது. என்ஜின் ஓடும்போது ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திருப்பச் சொல்லிவிட்டு, கீழே குனிந்து அந்த முனையைப் பார்த்தால் போதும். தண்டு நகர்வதற்கு முன்னால் மூட்டு மட்டும் குதித்தால் குற்றவாளி அதுதான்.

இதற்கு இரண்டு வழிகள். அசல் வடிவத்திலேயே புதிய டிராக் பார் வாங்கி மாட்டலாம். அல்லது அடுத்த தலைமுறை ராம் பிக்கப்பின் டிராக் பாரை ஏற்கும்படி சேஸிஸில் புதிய பிராக்கெட் ஒன்றைப் பொருத்தி, பந்து மூட்டுக்குப் பதிலாக இரு முனையிலும் புஷ் வைத்த தண்டாக மாற்றிவிடலாம். முதல் வழியில் மலிவுப் பொருளை நம்பாதீர்கள். இணையக் கடை ஒன்றிலிருந்து நான் வாங்கிய பெயர் தெரியாத டிராக் பார், ஓராண்டு முடிவதற்குள் பழையதைவிட அதிகமாக ஆடத் தொடங்கியது. இரண்டாவது வழிக்கு நூற்றுக்கணக்கில் டாலர் ஆகும். ஆனால் அது ஒரே முறைச் செலவு. பிராக்கெட்டை மாட்டி முடித்து நெடுஞ்சாலையில் ஏற்றியவுடன் வண்டி கோட்டில் நேராக நிற்பதைக் கண்டபோது, இதை ஏன் தொழிற்சாலையிலேயே செய்யவில்லை என்றுதான் தோன்றியது. டிராக் பார் சரியாக இல்லாத வண்டிக்கு ஸ்டியரிங் டாம்பரை மாற்றுவதோ இரட்டை டாம்பர் போடுவதோ காய்ச்சலுக்கு நெற்றியில் பற்றுப் போடுவதுபோல. சூடு குறைந்ததாகத் தெரியும், காய்ச்சல் உள்ளே இருக்கும்.

ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டியிருக்கும் இடத்தில் சேஸிஸைக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்துப் பார்ப்பதும் அவசியம். பெரிய டயர் போட்டு ஓட்டிய வண்டிகளில் அந்த இடத்தில் விரிசல் விடுவதுண்டு. விரிசல் இருந்தால் அதை முதலில் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்த பிறகே மற்றவை. விரிசல் இல்லையென்றால், பாக்ஸின் கீழ்த் தண்டை ஒரு பேரிங் மூலம் தாங்கி, சேஸிஸின் இரு பக்கத்தையும் இணைக்கும் தாங்கி ஒன்றை மாட்டிவிடலாம்; போல்ட் போட்டு முறுக்குவதுதான் வேலை. பாக்ஸே தளர்ந்திருந்தால், அதன் மேலுள்ள திருகை இறுக்கி ஆட்டத்தைக் குறைக்கும் பழக்கத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். அளவு மீறி இறுக்கினால் வளைவு திரும்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. ரெட்ஹெட், போர்கெசன் போன்ற பெயருள்ள நிறுவனங்களின் பாக்ஸுக்கு விலை அதிகம். பொதுக் கடைகளில் கிடைக்கும் மறு உற்பத்திப் பாக்ஸுகளில் தரம் ஒன்றுக்கொன்று மாறுகிறது என்பதால், அந்த விலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பின் பிரேக்குகள் டிரம் வகை. அவற்றில் தவறொன்றும் இல்லை. சுமை ஏற்றாதபோது சாதுவாக இருக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் பெரிய துளையுள்ள வீல் சிலிண்டர்களைப் போட்டால் பின் பிரேக் பிடிப்பது காலுக்குத் தெரியும். விலை மிகக் குறைவு. ஆனால் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது எக்ஸாஸ்ட் பிரேக். மலைப்பாதையில் லாரி ஓட்டியவர்களுக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. பெட்ரோல் என்ஜினைப்போலக் காற்றை அடைக்கும் தகடு டீசலில் இல்லாததால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி இறக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். டர்போவுக்குப் பின்னால் ஒரு தகட்டை வைத்துப் புகையை அடைத்துவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடிக்கிறது. முழுப் பலன் வேண்டுமென்றால் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு வலுவான 60 பவுண்டு ஸ்பிரிங் போட வேண்டும்; இல்லாவிட்டால் திரும்பி வரும் அழுத்தம் வால்வுகளையே திறந்துவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியில் என்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கன்வெர்ட்டர் பூட்டிக்கொண்டால்தான் இது வேலை செய்யும் என்பதால் அங்கே செலவு இரட்டிப்பாகும். கைக் கியர் வண்டியில், கொடுத்த காசுக்குப் பிரேக் லைனிங்கின் ஆயுளிலேயே பலன் திரும்பி வரும்.

விளக்கும் டேஷ்போர்டும் சுருக்கமாக. ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டிலுள்ள சுவிட்சு வழியாகவே போவதால் சுவிட்சும் சூடாகும், வெளிச்சமும் மங்கும். ரிலே வைத்த தனி வயரிங் செட்டைப் பேட்டரியிலிருந்து நேராகப் போட்டால் அதே பல்பு பளிச்சென்று எரியும், எல்.ஈ.டி. பல்பு வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். 1994 முதல் 1997 வரையிலான டேஷ்போர்டு வெயிலில் அப்பளம்போல் நொறுங்குவது இந்த வண்டியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மேலே ஒட்டும் பிளாஸ்டிக் கவரும் கிடைக்கிறது, முழுப் புது டேஷ்போர்டும் கிடைக்கிறது. இரண்டும் வேண்டாம். ஒரு துணி விரிப்பைப் போட்டு மூடிவிடலாம். அந்தக் காசு டிராக் பாருக்கு ஆகும்.

இனி எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: பவர் கூட்டலாமா? பி7100 பம்பில் பவர் கூட்டுவது சிரிக்கும் அளவுக்கு எளிது. டீசல் அளவுக்கு எல்லை வைக்கும், மேலேயுள்ள ஃபியூயல் பிளேட்டை முன்னால் நகர்த்தலாம் அல்லது வேறு வடிவப் பிளேட் போடலாம். டர்போவின் காற்றழுத்தத்துக்கு ஏற்ப டீசலைக் கட்டுப்படுத்தும் பகுதியின் ஸ்பிரிங்கைத் தளர்த்தலாம். சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை மாற்றி என்ஜினை இன்னும் அதிகச் சுற்றுக்கு இழுக்க விடலாம். கணினியும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். ஆனால் இவற்றில் எதைத் தொடுவதற்கு முன்பும் எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டரை மாட்ட வேண்டும். சுமையோடு ஏறும்போது முள் 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நின்றுகொண்டிருந்தால் காலை எடுக்க வேண்டியதுதான். பிஸ்டன் உருகிய பிறகு கம்மின்ஸின் பெயர் யாருக்கும் உதவாது. என் வண்டியில் பிளேட்டைச் சற்று நகர்த்தியதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் என்ஜின் தாங்கும், பின்னால் இருப்பது தாங்காது. முதலில் கிளட்ச் வழுக்கும், அதற்கு வலுவானதைப் போட்டால் முறுக்கு கியர் பாக்ஸுக்குப் போகும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கும் கன்வெர்ட்டருக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இல்லாதவர் பம்பின் மூடியைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

கைக் கியர் வண்டியில் இருப்பது என்வி4500 என்னும் கியர் பாக்ஸ். வலுவான வார்ப்பிரும்புப் பெட்டி. ஆனால் கம்மின்ஸின் அதிர்வுக்கு அதிலுள்ள ஐந்தாவது கியரின் நட்டு மெல்லத் தளரும். தளர்ந்தால் அந்தப் பல்சக்கரம் தண்டின் வரிகளிலிருந்து பின்னால் நழுவிவிடும். கியர் கம்பி ஐந்தாவதில் இருக்கும், வண்டிக்கு இழுப்பு வராது. நான்காவது வரை ஓட்டி வீடு சேரலாம் என்பதால் இது சாலையில் நிறுத்திவிடும் பழுது அல்ல. இருந்தாலும் நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் சக்கரங்களுக்கும் இழுப்பைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கிய பிறகுதான் அந்த நட்டை அடைய முடியும் என்பதால் கூலி அதிகம். அதனால், வேறு எந்த வேலைக்காகவாவது டிரான்ஸ்ஃபர் கேஸைக் கீழே இறக்கினால், அப்போதே பின் மூடியைத் திறந்து நட்டைப் பார்த்து, பூட்டிக்கொள்ளும் வகை நட்டாக மாற்றிவிடச் சொல்லுங்கள். கியர் ஆயிலிலும் கவனம் தேவை. இதற்கு உரியது ஜிஎல்-4 வகையைச் சேர்ந்த 75டபிள்யூ-85 சிந்தெடிக் ஆயில். டிஃபரென்ஷியலுக்கு ஊற்றும் சாதாரண 90 எண் ஆயிலைக் கடைக்காரர் எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டப்பாவின் மேலுள்ள எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.